புது பிளக் போட்டும் மிஸ்ஸிங் நிற்கவில்லை, ஏன்?

கேள்வி: என்னிடம் 2014 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக ஐட்லிங்கில் லேசாக உதறுகிறது. சமதளத்தில் அவ்வளவாகத் தெரியாது. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது இழுக்காமல் ஜெர்க் அடிக்கிறது, செக் என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னுகிறது. ஒரு மெக்கானிக் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு இரிடியம் பிளக் போட்டார். "ரெண்டாவது பிளக் குழியில கொஞ்சம் ஆயில் இருந்தது, துடைச்சிட்டேன்" என்றார். பதினைந்து நாள் வண்டி அருமையாக ஓடியது. அப்புறம் பழைய கதைதான். இன்னொரு இடத்தில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தபோது பி0302 என்று கோளாறு எண் வந்தது. பிளக்குகளுக்குக் கரன்ட் கொடுக்கும் நான்கு காயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார் என் நண்பர். பழைய பிளக்குகளைப் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒன்றின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. நான் எந்த பிளக் வாங்க வேண்டும்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பழைய பிளக்குகளைக் குப்பையில் போடாமல் சுற்றி வைத்தீர்கள் பாருங்கள், அதற்கு முதலில் நன்றி. உங்கள் கேள்விக்கான பதில் அந்தப் பொட்டலத்துக்குள்தான் இருக்கிறது. கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன அந்தக் கறுப்புக் கோடுதான் முக்கியமான விஷயம். எந்த பிளக் வாங்குவது என்று கீழே சொல்கிறேன். ஆனால் இன்றைக்கே புது பிளக் வாங்கி மாட்டினால், அதுவும் பதினைந்து நாளில் இதே நிலைக்குத்தான் வரும்.

அதற்கு முன் அவசரமான ஒன்று. செக் என்ஜின் லைட் நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. நிலையாக எரிந்தால் கூடிய சீக்கிரம் காட்டினால் போதும். மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். சின்னச் செலவில் முடிய வேண்டிய வேலை பத்தாயிரக்கணக்கில் போய் நிற்கும். அதனால் இது சரியாகும் வரை மலை ஏறாதீர்கள். உள்ளூரில் மெதுவாக மெக்கானிக் கடை வரை ஓட்டிப் போவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, நண்பர் சொன்ன எத்தனாலை முதலில் பார்த்துவிடுவோம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எல்லா பங்கிலும் வந்துவிட்டது. உங்கள் வண்டி அதை மனதில் வைத்துச் செய்ததல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும், பழைய ரப்பர் பாகங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும், அதெல்லாம் உண்மை. ஆனால் நான்கு சிலிண்டருக்கும் ஒரே டேங்கிலிருந்துதான் பெட்ரோல் போகிறது. பெட்ரோலில் கோளாறு என்றால் நான்கும் சேர்ந்து முரண்டு பிடிக்கும். ஸ்கேனர் காட்டியது பி0302. இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை, அதாவது மிஸ்ஸிங், என்று பொருள். கடைசியில் உள்ள 2 என்பதுதான் அந்தச் சிலிண்டர். பொதுவான கோளாறாக இருந்தால் பெரும்பாலும் பி0300 வரும். ஆயில் இருந்ததாக உங்கள் மெக்கானிக் சொன்னதும் இரண்டாவது குழிதான். இரண்டு பேர் இரண்டு வழியில் பார்த்து ஒரே இடத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பொட்டலத்தைப் பிரியுங்கள். கோடு விழுந்த பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே காயில் மாட்டும் உலோக முனையில் தொடங்கி, வெள்ளைப் பீங்கான் வழியாக இறங்கி, ஸ்பேனர் பிடிக்கும் அறுகோண உலோகம் வரை கோடு வருகிறதா? நகத்தால் சுரண்டினால் போகாமல், உள்ளே எரிந்து இறங்கிய மாதிரி இருக்கிறதா? அப்படியானால் கரன்ட் போக வேண்டிய வழியில் போகவில்லை. பிளக்கின் உள்ளே போய்க் கீழ் முனையில் பொறியாகத் தாவ வேண்டியது, வெளிப்பக்கமாகவே பீங்கான் மேல் ஓடி, பிளக் திருகியிருக்கும் சிலிண்டர் ஹெட்டில் இறங்கியிருக்கிறது. ஓடிய தடம்தான் அந்தக் கறுப்புக் கோடு. ஒருமுறை தடம் விழுந்துவிட்டால் அடுத்த முறையும் கரன்ட் அதையேதான் தேடும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. பீங்கானும் அறுகோண உலோகமும் சேரும் இடத்தில் வளையமாகப் பழுப்புக் கறை இருக்கும். நன்றாக ஓடும் வண்டியின் பிளக்கிலும் அது வரும். பிளக்கில் கேஸ் லீக் ஆகிறது என்று அதைக் காட்டிப் புது செட் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். காற்றில் உள்ள எண்ணெய்த் துகள்கள் உயர் மின்னழுத்தத்தால் ஈர்க்கப்பட்டு அங்கே ஒட்டுவதால் வரும் கறை அது. கெடுதல் எதுவும் இல்லை. வளையம் என்றால் விட்டுவிடுங்கள், மேலிருந்து கீழாகக் கோடு என்றால் விடாதீர்கள்.

புது பிளக் போட்டதும் ஏன் பதினைந்து நாள் நன்றாக ஓடியது? இதைப் புரியவைக்க ஒரு பழைய மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தொழில் பழகிய ஒர்க்‌ஷாப்பில் பிளக் சுத்தம் செய்து சோதிக்கும் மெஷின் ஒன்று இருந்தது. வருகிற வண்டியெல்லாம் மைக்கோ பிளக் போட்ட காலம். 1951-ல் தொடங்கிய அந்தப் பெங்களூர்க் கம்பெனிதான் இந்தியாவில் இன்றைய பாஷ். மெஷினில் ஒரு பக்கம் மணலைக் காற்றோடு பீய்ச்சிக் கரியை எடுக்கும். மறு பக்கம் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. அதில் பிளக்கை மாட்டி கரன்ட் கொடுத்தால் பொறி நீலமாகச் சொடுக்குவது தெரியும். அப்புறம் அறைக்குள் காற்றழுத்தத்தை மெல்ல ஏற்றுவோம். நல்ல பிளக் கடைசி வரை சொடுக்கும். தேய்ந்த பிளக் பாதியிலேயே தடுமாறும், அழுத்தம் இன்னும் ஏறினால் பொறி நின்றுபோகும். திறந்த வெளியில் அழகாகப் பொறி விட்ட அதே பிளக்தான்!

உங்கள் வண்டியிலும் இதுதான் நடக்கிறது. சமதளத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. பொறி சுலபமாகத் தாவிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தால் சிலிண்டர் நிறையக் காற்று வந்து இறுகுகிறது. அந்த இறுக்கத்தைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். காயில் இருபது, முப்பதாயிரம் வோல்ட் வரை தரக்கூடியதுதான். ஆனால் பீங்கான் மேல் சுலபமான தடம் ஒன்று இருக்கும்போது கரன்ட் எதற்கு அந்த இறுக்கத்தோடு மல்லுக்கட்டப் போகிறது? வெளிப்பக்கமாகவே இறங்கிவிடும். புது பிளக்கின் முனை கூர்மையாக இருக்கும், இடைவெளி சரியாக இருக்கும், குறைந்த வோல்டேஜிலேயே தாவும், பீங்கானும் சுத்தமாக இருக்கும். அதனால் பதினைந்து நாள் தாக்குப் பிடித்தது.

ஆனால் கோளாறின் மறு பாதி வண்டியிலேயே தங்கிவிட்டது. பிளக்கின் மேல் தொப்பி மாதிரி இறங்கும் காயிலின் ரப்பர் உறையைத்தான் சொல்கிறேன். அதை 'பூட்' என்பார்கள். பீங்கானில் கோடு விழுந்திருந்தால், அதற்கு நேராக ரப்பரின் உட்புறத்திலும் ஒரு கோடு இருக்கும். அந்தப் பூட்டையே புது பிளக்கின் மேல் மாட்டியதால், ரப்பரில் இருந்த தடம் புதுப் பீங்கானிலும் தடம் போட்டுவிட்டது. இப்போது வண்டியில் இருக்கும் இரண்டாவது இரிடியம் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், அதிலும் கோடு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ரப்பர் ஏன் கெட்டது? அந்த ஆயில்தான். பிளக் குழிக்குள் ஆயில் வரவே கூடாது. உங்கள் என்ஜினில் பிளக் இருப்பது, என்ஜினின் மேல் மூடியான வால்வ் கவரின் நடுவே இறங்கும் ஆழமான குழியில். அந்தக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் பத்து வருஷச் சூட்டில் இறுகிப்போகும், வெடிக்கும். அதன் வழியே என்ஜின் ஆயில் கசிந்து குழிக்குள் இறங்கும். ஆயிலில் ஊறிய பூட் உப்பி, நெகிழ்ந்து, பீங்கானோடு ஒட்டி நிற்காமல் விலகும். விலகிய இடத்தில் கரன்ட் புகும். உங்கள் மெக்கானிக் ஆயிலைத் துடைத்தது சரிதான், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விட்டதுதான் பிழை. வாட்டர் சர்வீஸில் என்ஜின் மேல் பிரஷரில் தண்ணீர் அடித்தாலும் குழியில் தண்ணீர் தேங்கி இதே கோடு விழும். அந்தப் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஆகவே வேலை இதுதான்: வால்வ் கவரைத் திறந்து, கவர் பேக்கிங், பிளக் குழி சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். நான்கு குழியும் ஒரே வயது. ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த வருஷம் மறுபடி திறக்க வேண்டிவரும். இரண்டாவது பூட்டை மாற்ற வேண்டும். ரப்பர் பூட் தனியாகக் கிடைத்தால் அது போதும், கிடைக்காவிட்டால் அந்த ஒரு காயில். மற்ற மூன்று பூட்டையும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், உப்பலோ கோடோ இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும். நான்கு காயிலையும் மாற்ற இப்போது ஒரு காரணமும் இல்லை.

காயிலே போயிருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதைக் காசு செலவில்லாமல் பார்க்கலாம். இரண்டாவது காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றி மாட்டி, ஸ்கேனரில் பழைய கோளாறு எண்ணை அழித்துவிட்டு, ஒரு மேம்பாலம் ஏறி இறங்கினால் போதும். ஸ்கேனரில் இப்போது பி0303 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது, அதாவது காயிலோ பூட்டோதான். பி0302-லேயே நின்றால் பிளக்கைப் பாருங்கள். பிளக்கையும் மாற்றிப் பார்த்த பிறகும் இரண்டிலேயே நின்றால்தான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: கோடு விழுந்த பூட்டை மூன்றாவது பிளக்கின் மேல் நாள் கணக்கில் விட்டுவைத்தால் அதையும் கெடுத்துவிடும். பார்த்ததும் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, காயிலைக் கழற்றி வெளியே ஹெட்டில் பிளக்கை வைத்துப் பொறி பார்க்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. திறந்த வெளியில் பொறி வந்தால் எதுவும் நிரூபணமாகாது என்பதை அந்தக் கண்ணாடி ஜன்னல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. கைக்கும் ஆபத்து, இந்தக் காலத்துக் காயிலுக்கும் ஆகாது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் வண்டியின் கையேட்டில் பிளக் எண் இருக்கும். அதை எழுதிக்கொண்டு போய் அந்த எண்ணையே வாங்குங்கள். வேறு கம்பெனியில் வாங்கினால் அதற்கு இணையான எண் என்ன என்று அந்தக் கம்பெனிப் பட்டியலில் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் "இதுவும் போகும் சார்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். மரையில் ஏறுகிறது என்பதற்காக பிளக் பொருந்திவிட்டது என்று ஆகாது.

எண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே பிடிபடும். பரவலாகக் கிடைக்கும் என்ஜிகே பிளக் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பிபிஆர்6இஎஸ்-11. முதல் பி என்பது 14 மி.மீ. மரை. அடுத்த பி, பீங்கான் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் சொல்கிறது. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. அது இல்லாத பிளக்கைப் போட்டால் ரேடியோவில் இரைச்சல் வரும், வண்டியின் கம்ப்யூட்டரையும் குழப்பலாம். இ என்பது மரையின் நீளம் 19 மி.மீ. என்பதைக் குறிக்கும். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும், குறைந்தால் ஹெட்டின் மரையில் கரி ஏறி அடுத்த முறை சரியான பிளக்கே ஏறாது. கடைசியில் உள்ள 11 என்றால் முனை இடைவெளி 1.1 மி.மீ. இது எடுத்துக்காட்டுக்காகச் சொன்னது, உங்கள் வண்டிக்கான எண் அல்ல.

நடுவில் இருக்கும் 6-தான் பலரைக் குழப்பும். அது பிளக்கின் சூட்டு நம்பர். ஹாட் பிளக் என்றால் பொறி பலமாக வரும் என்று நினைக்கிறார்கள். பொறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூக்கில் ஏறும் சூட்டை பிளக் எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதே அந்த நம்பர். மூக்கு சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியைத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும், பிஸ்டனில் ஓட்டை விழும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்படி வண்டி செய்தவர்களே நம்பரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக்கூட கூல் பிளக். பாஷில் எண் கூடக்கூட ஹாட். ஒரு கம்பெனி எண்ணை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு கம்பெனி பிளக்கை வாங்கினால் தலைகீழாகிவிடும்.

இரிடியமா நிக்கலா? இரிடியம் கெட்டி உலோகம். சுமார் 2,450 டிகிரியில்தான் உருகும், நிக்கல் 1,455-லேயே உருகிவிடும். அதனால் முனையை மெல்லிய ஊசியாகச் செய்ய முடிகிறது. தேய்மானம் குறைவு, நிக்கலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். விலையும் நாலைந்து மடங்கு. பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்று பெட்டியைப் பார்த்து எதிர்பார்க்காதீர்கள். நல்ல நிலையில் உள்ள நிக்கல் பிளக்குக்கும் அதற்கும் ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. நீங்கள் ஏற்கெனவே மூன்று நல்ல இரிடியம் வைத்திருக்கிறீர்கள். சூட்டு நம்பரும் நீளமும் கையேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் இரண்டாவது சிலிண்டருக்கு மட்டும் அதே பிளக் ஒன்று வாங்கினால் போதும். ஒத்துப்போகாவிட்டால் நான்கையும் எடுத்துவிட்டு, கையேட்டில் உள்ள பிளக்கையே போடுங்கள்.

வாங்கும்போது போலியைக் கவனியுங்கள், இந்தப் பொருளில் போலி அதிகம். வாஷரைப் பிடித்துச் சுழற்றினால் நல்ல பிளக்கில் சுற்றும், ஆனால் கழன்று வராது. போலியில் பல சமயம் கையோடு வந்துவிடும். நடு முனையும் மேல் கம்பியும் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். எழுத்து மங்கலாக, மரை சொரசொரப்பாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மாட்டும் வேலையை நீங்களே செய்வதானாலும், பக்கத்தில் நின்று பார்ப்பதானாலும், என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம். சூட்டில் பிளக்கைக் கழற்றினால் மரையும் சேர்ந்து வரும். காயிலை எடுத்ததும், பிளக்கைத் திருகுவதற்கு முன்பே குழியில் ஏர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே கிடக்கும் மண் நேராக சிலிண்டருக்குள் விழும். புது பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். இரிடியத்தில் நடு ஊசியை நெம்பக் கூடாது, ஒடிந்துவிடும். கீழே விழுந்த பிளக்கைப் போடவே கூடாது. பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும்.

மரையில் ஏற்றுவதுதான் முக்கியமான கட்டம். நான் பழகுகிற காலத்தில் ஒரு மாருதி 800-ல் பிளக்கை ஸ்பேனரிலேயே வைத்து நேராக முறுக்கினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது, அழுக்கு என்று நினைத்து அழுத்தினேன். மரை மாறி ஏறியிருந்தது. ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பி, ஹெலிகாயில் என்கிற புது மரைச் சுருள் போட்டு ஏற்ற இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் டியூப் துண்டைச் செருகி, விரலால் டியூபைத்தான் சுற்றுகிறேன். மரை சரியாக விழுந்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும். மாறி விழுந்தால் டியூப் பிளக்கின் மேலேயே வழுக்கும், ஹெட்டுக்கு ஒன்றும் ஆகாது. வாஷர் உட்காரும் வரை கையால்தான். அதற்குப் பிறகு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவு. 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச் இல்லையென்றால் புது வாஷருக்கு அரைச் சுற்று, மிஞ்சிப்போனால் அதற்குக் கொஞ்சம் கூட. ஏற்கெனவே நசுங்கிய வாஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். மரையில் கிரீஸோ ஆயிலோ தடவ வேண்டாம். வழுவழுப்பில் ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாக இறுகிவிடும்.

கடைக்குப் போகும்போது பழைய பிளக் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோங்கள். நான்கு காயிலிலும் மார்க்கரால் 1, 2, 3, 4 என்று எழுதச் சொல்லுங்கள். வால்வ் கவரைத் தூக்கியதும் இரண்டாவது குழியின் சீலைக் கையில் வாங்கி வளைத்துப் பாருங்கள், வளையாமல் வெடித்தால் வந்த வேலை சரியான வேலைதான். எல்லாம் மாட்டி 500 கி.மீ. ஓட்டிய பிறகு இரண்டாவது காயிலை மட்டும் ஒருமுறை கழற்றி, குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குழி காய்ந்திருந்தால் தாராளமாகக் கொடைக்கானல் போய்வரலாம்.